சகேயுவின் வீடும் தம்பியின் வயலும்: பாவம், மன்னிப்பு, இரட்சிப்பு பற்றிய கேள்வி பதில்

முப்பது ஆண்டுகள் பாடசாலையில் கிறிஸ்தவம் படிப்பித்தேன். மெதடிஸ்த திருச்சபையில் உள்ளூர்ப் பிரசங்கியாக இன்னும் ஊழியம் செய்கிறேன். உயிர்த்த ஞாயிறுக்கு முன் வரும் லெந்து எனும் தவக்காலத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன். ஒரு வேண்டுகோள்: வசனம் காட்டிக் கேட்பவர்கள் அதற்கு அடுத்த வசனத்தையும் வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

களுவாஞ்சிகுடி மாணவி: நான் கொலை செய்யவில்லை, களவெடுக்கவில்லை. என்னை ஏன் பாவி என்கிறீர்கள் சேர்?

மகள், புதிய ஏற்பாட்டில் பாவத்துக்கு அதிகமாக வரும் கிரேக்கச் சொல் ஹமார்த்தியா. குறி தவறுதல் என்பது அதன் வேர்ப்பொருள். ஆனால் இயேசு கற்பித்த ஜெபத்தை எழுதும் மத்தேயு 'கடன்' என்கிறார். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினார்கள். வாராவாரம் நுண்கடன் கட்டும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கடவுளுக்குரிய அன்பையும் அயலவருக்குரிய நீதியையும் கொடுக்காமல் கையில் வைத்திருக்கிறோம். உன் வகுப்பில் எவரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை ஒருத்தி இருந்தாளா? நீ அவளோடு பேசினாயா? அங்கிருந்து யோசி. எல்லாரும் பாவஞ்செய்தார்கள் என்று ரோமர் 3:23 எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. 24ஆம் வசனத்தில் அதே ஆட்கள் இலவசமாக நீதிமான்களாக்கப்படுகிறார்கள். அதையும் வாசி.

வாழைச்சேனை வாசகர்: மன்னிக்கப்படாத பாவத்தை நான் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

மாற்கு 3ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். நோயாளிகள் சுகமாவதைக் கண்ணால் கண்டும் அதைப் பிசாசின் வேலை என்றவர்களுக்கு இயேசு சொன்ன எச்சரிப்பு அது. அவருக்கு அசுத்த ஆவி இருக்கிறது என்று அவர்கள் சொன்னதே காரணம் என்று 30ஆம் வசனம் சொல்கிறது. மனம் இறுகிப் போனவனுக்கு உங்களுக்கு வந்த பயம் வராது.

கல்லடிச் சகோதரி: சுனாமியில் அம்மா போய்விட்டார். அது ஊரின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று ஒரு பிரசங்கியார் சொன்னார்.

தங்கச்சி, அவர் சொன்னது பிழை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாவலடியில் கடல் ஏறியபோது கும்பிட்டவரையும் கும்பிடாதவரையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. இதே கேள்வியை இயேசுவிடமும் கொண்டுபோனார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை எடுத்து, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொன்னார் (லூக்கா 13). உங்கள் அம்மாவின் மரணத்தைக் கணக்குப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எந்தப் பிரசங்க பீடத்துக்கும் கொடுக்கப்படவில்லை.

புளியந்தீவு வாசகர்: 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வைத்தவனை மன்னிக்காவிட்டால் எனக்கு மன்னிப்புக் கிடையாதா?

ஐயா, உங்களுக்குத் தவணை குறிக்க யாரையும் விடாதீர்கள். பழிவாங்குவதைக் கடவுளின் கையில் விட்டுவிடுவது மன்னிப்பின் முதல் படி. நீதிமன்றம் உண்மையைத் தேடுவது அதற்குத் தடை அல்ல. இன்றைக்கு 'மன்னிக்க முடியவில்லை, உதவி செய்யும்' என்று மட்டுமே ஜெபிக்க முடிந்தால் அதுவும் ஜெபம்தான்.

திருக்கோவில் வாசகர்: 1990 இடப்பெயர்வில் என் தம்பி இந்தியாவுக்குப் போனான். அவனுடைய இரண்டு ஏக்கர் வயலை நான் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். இப்போது இயேசுவை விசுவாசிக்கிறேன். கடவுள் மன்னித்தால் போதாதா?

அண்ணன், இதைக் கேட்க உங்களுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! நேராகவே சொல்கிறேன். கடவுள் மன்னிக்கிறார், விலை கேட்காமல். வயல் தம்பியுடையது.

லூக்கா 19இல் வரும் வரி வசூலிப்பவன் சகேயுவை நினைத்துப் பாருங்கள். மரத்தில் இருந்தவனைப் பார்த்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு முதலில் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று சொல்லவில்லை. இயேசு வந்த பிறகுதான் சகேயு எழுந்து நின்று, அநியாயமாக எடுத்ததை நாலு மடங்காகத் தருவேன் என்றான். தானாக அறிக்கையிட்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம் (எண்ணாகமம் 5:7). நாலு மடங்கு, ஆடு திருடி விற்றவனுக்கு வைத்த தண்டனை. சகேயு தன்னை அந்தத் திருடனுடைய இடத்தில் நிறுத்திக்கொண்டான். கிருபை அவனுடைய வீட்டு வாசலைத் தாண்டி அவனுடைய கணக்குப் புத்தகம் வரைக்கும் போயிற்று. உங்கள் வயல் வட்டைக்கும் அது போக வேண்டும்.

செங்கலடித் தம்பி ஒருவர்: ஐயா, இது கிரியையினால் இரட்சிப்பு! கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் அல்ல என்றுதானே எபேசியர் 2:8, 9 சொல்கிறது? சிலுவையில் இருந்த கள்வன் எதைத் திருப்பிக் கொடுத்தான்?

தம்பி, 10ஆம் வசனம் எங்கே? நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று பவுல் அதே மூச்சில் சொல்கிறார். அந்தக் கள்வனுடைய கைகளில் ஆணி இருந்தது. திருக்கோவில் அண்ணனுடைய கைகளில் உறுதிப் பத்திரம் இருக்கிறது.

கல்முனை, கத்தோலிக்க ஆசிரியை: 'விசுவாசத்தினால் மட்டும்' என்ற சொற்கள் வேதத்தில் ஒரே இடத்தில்தான் வருகின்றன, யாக்கோபு 2:24. அங்கேயும் 'மட்டும் அல்ல' என்றுதான் இருக்கிறது!

உண்மை ரீச்சர். ரோமர் 3:28ஐ ஜெர்மன் மொழியில் பெயர்த்த சீர்திருத்தவாதி லூத்தர் 'மட்டும்' என்பதைத் தாமே சேர்த்தார். பவுலின் கருத்து அதுவே என்பது அவருடைய நியாயம். நானும் அந்தப் பக்கம்தான். யாக்கோபு கண்டிக்கும் விசுவாசம் பிசாசுகளுக்கும் உண்டு என்று அவரே சொல்கிறார்: கடவுள் ஒருவர் என்று அறிந்து நடுங்குவது. பவுல் சொல்லும் விசுவாசம் ஓடத்தில் ஏறி உட்காருவது போன்றது. ஓடம் மிதக்கும் என்று கரையில் நின்று சொல்பவன் வாவியைக் கடக்கவில்லை.

இதற்காக எங்கள் சபைகள் நூற்றாண்டுகளாகச் சண்டையிட்டன. 1999 ஒக்டோபர் 31ஆம் திகதி ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் நீதிமான்களாக்கப்படுவது பற்றிய ஒரு கூட்டுப் பிரகடனத்தில் ஒப்பமிட்டன. எங்களுடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தினால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம். ஆவியானவர் எங்களை நற்செயலுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். 2006இல் தென் கொரியாவின் சோல் நகரில் மெதடிஸ்தர்களும் இணைந்தோம். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கோயில்களிலும் இந்த ஆவணத்தை வாசித்தவர்கள் சிலர்கூட இல்லை என்பது எனக்கு வேதனை.

செங்கலடித் தம்பி மீண்டும்: அப்படியானால் வயலைக் கொடுக்காவிட்டால் அவர் இரட்சிக்கப்படவில்லையா?

அந்தத் தீர்ப்பு என் கையில் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. கிறிஸ்துவை வீட்டுக்குள் அழைத்துவிட்டு ஓர் அறையைப் பூட்டி வைத்திருப்பவர் நிம்மதியாக உறங்க மாட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஏறாவூர்ப்பற்று வாசகர்: இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த போதனைதானே?

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து அடுத்த ஆண்டே இங்கு இறந்தார். அவர் கொண்டுவந்த போதனை எருசலேமில் யூதர்களிடம் தொடங்கியது.

அக்கரைப்பற்றுச் சகோதரி: கணவர் அடிக்கிறார். மன்னித்து வீட்டிலேயே இரு என்கிறார்கள்.

மன்னிப்பு அடி வாங்கும் கடமை அல்ல. பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகத்தில் இன்றே முறையிடுங்கள்.

மேலும் நால்வர்: மன்னிக்கப்படாத பாவம் எது?

மேலே வாழைச்சேனை வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன். மாற்கு 3. முழு அதிகாரமும்.

மண்டூர் வாசகர்: என் திருமணத்தைக் கத்தோலிக்க முறையில் செல்லாததாக்க முடியுமா?

உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

திருக்கோவில் வாசகர் மீண்டும்: தம்பியின் தொலைபேசி எண் கிடைத்திருக்கிறது. முதலில் மன்னிப்புக் கேட்கவா?

அண்ணன், முதலில் வயலைப் பற்றிச் சொல்லுங்கள். மன்னிப்பை முதலில் கேட்டால் அவர் உங்களுக்கு ஏதோ கொடுக்க வேண்டியவர் போல ஆகிவிடும். நொத்தாரிசிடம் போய் எழுதக்கூடியதை எழுதிவிட்டு அழையுங்கள். 'உன் வயல் உன் பெயருக்கு வருகிறது. இத்தனை போகமும் நான் எடுத்த விளைச்சலுக்குக் கணக்கு வைத்திருக்கிறேன்' என்று சொல்லுங்கள். பிறகு அவர் பேசட்டும். ஏசினாலும் கேட்டுக்கொண்டிருங்கள்.