பழைய புல்லட்: எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் (கேள்வி பதில்)

வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 வைத்திருப்பவர்கள் சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எங்கள் வீட்டு வண்டி 1986 மாடல், திருவொற்றியூரில் செய்தது. 22 வருடமாக அதன் வேலைகளை நானே வீட்டு வாசலில் செய்துவருகிறேன். கீழே சொல்வதெல்லாம் பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைக்க மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய 346 சி.சி. எஞ்சினுக்குத்தான். பிற்பாடு வந்த, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் யூ.சி.இ. எஞ்சினுக்கு இதில் பல விஷயங்கள் ஒத்துவராது.

அண்ணே, காலையில ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆகுது. பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் போனதும் நின்னுடுது. அரை மணி நேரம் கழிச்சு மறுபடி ஓடுது. மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்கணும்னு சொல்றார். (மணப்பாறை)

பிரிக்க விடாதீர்கள் தம்பி. அடுத்த முறை வண்டி நின்றவுடன் முதல் வேலையாக பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிட்டால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் போதும்.

சத்தம் இல்லையென்றால் கண்டென்சரை (பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் சின்ன மின் பாகம்) சந்தேகப்படுங்கள். பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு, நிழலான இடத்தில் ஒருவரை கிக் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். பாயிண்ட் திறக்கும் இடத்தில் பெரிய பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. சூடானதும் மட்டும் செயலிழக்கும் கண்டென்சர் உண்டு, ஆறியபின் சோதித்தால் அது நல்லதாகவே தெரியும். அதனால் வண்டி நின்ற இடத்திலேயே, சூட்டோடு பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் இக்னிஷன் காயிலைப் பாருங்கள். இந்த மூன்றையும் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. எஞ்சினைப் பிரித்தால் ஒரு மாதம் போய்விடும்.

பாயிண்ட் கேப் எவ்வளவு வைக்கணும் சார்? (சேலம்)

0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். அதற்கு முன் பெட்ரோல் தொட்ட துணியால் பாயிண்ட் முகத்தைத் துடைத்துவிடுங்கள். கேப் மாறினால் டைமிங்கும், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரமும், மாறும். ஆகவே எப்போதும் முதலில் கேப், அப்புறம்தான் டைமிங்.

ரெண்டு மாசம் ஓட்டாம வச்சிருந்தேன். ஸ்டார்ட் பண்ணினதும் தெருவே மறையற அளவுக்குப் புகை. டிப் ஸ்டிக்குல ஆயில் கம்மியா இருந்துச்சு, அரை லிட்டர் ஊத்தினேன். இப்ப எல்லாப் பக்கமும் ஒழுகுது. பிஸ்டன் ரிங் போயிடுச்சா? (நாகர்கோவில்)

இதே விஷயத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். வண்டி வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் இந்தப் புகையைக் காட்டி ரிங், பிஸ்டன் எல்லாம் மாற்றினார்கள். அடுத்த முறை ஒரு மாதம் நிறுத்தி எடுத்தபோது அதே புகை. காரணம் புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இந்த எஞ்சினில் ஆயில் தொட்டி தனி, கிராங்க் சுற்றும் அறை தனி. இரண்டும் ஒரே வார்ப்புக்குள் இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வண்டி நாள்கணக்கில் நிற்கும்போது தொட்டி ஆயில் பம்ப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். டிப் ஸ்டிக் தொட்டியின் அளவைத்தான் காட்டும். ஆயில் வண்டிக்குள்ளேதான் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. நீங்கள் மேலும் அரை லிட்டர் ஊற்றியதால் இப்போது மொத்த அளவு அதிகமாகி, கிடைத்த வழியிலெல்லாம் வெளியே வருகிறது.

இனி இப்படிச் செய்யுங்கள். நெடுநாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். பம்ப் ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடும். அதன் பிறகு அணைத்து அளவு பாருங்கள். மாதக்கணக்கில் நின்றிருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன்பே கிராங்க் அறைக்கு அடியில் உள்ள டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, வருவதை ஒரு சுத்தமான பாத்திரத்தில் பிடித்து அளந்துகொள்ளலாம். உங்கள் ரிங் நன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். கூடுதல் ஆயிலை எடுத்துவிட்டு 200 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அளவு சரியாத்தான் இருக்கு, ஆனாலும் கேஸ்கெட் ஓரமெல்லாம் ஆயில் கசியுது. புல்லட்னா அப்படித்தான்ங்கறாங்களே? (கோவை)

அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. பிஸ்டன் கீழே வரும்போதெல்லாம் கிராங்க் அறைக்குள் காற்று அழுத்தம் ஏறும். அது வெளியேற பிரீதர் குழாய் இருக்கிறது. அந்த வழியில் வாத்தின் வாய் மாதிரி ஒரு சின்ன ரப்பர் வால்வு உண்டு. காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. வருடங்கள் போகப்போக அது கல்லாக இறுகிவிடும் அல்லது கிழிந்துவிடும். பிறகு அழுத்தம் கேஸ்கெட்டைத் தள்ளும். ரப்பரை மாற்றாமல் எத்தனை கேஸ்கெட் போட்டாலும், எவ்வளவு பேஸ்ட் தடவினாலும் நிற்காது. சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் தேடுவதற்கு முன் உங்கள் ஊர் புல்லட் கடையிலேயே கேளுங்கள், விலை மிகக் குறைவு.

டேப்பெட் சத்தம் எவ்வளவு வரலாம்? (திருச்சி)

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை மேலே நிறுத்திக்கொண்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து புஷ் ராடை (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) விரல்களால் உருட்டுங்கள். லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கொஞ்சம் சத்தம் இருந்தால் பாதகமில்லை. சத்தமே வரக்கூடாது என்று இறுக்கினால் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும்.

ஆயில் ஃபில்டரை நானே மாத்தலாமா? (மதுரை)

தாராளமாக. கழற்றும்போது ஸ்பிரிங், வாஷர் வந்த வரிசையைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் நேராக ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஃபில்டர் அறை காலியாக இருப்பதால், அது நிரம்பும்வரை பிக் எண்டுக்கு (பிஸ்டன் ராட் கிராங்கோடு சேரும் இடம்) ஆயில் போகாது. சாவியை அணைத்து வைத்து, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்தபடி நிறைய முறை கிக்கரை மிதியுங்கள். ஸ்டார்ட் செய்தபின் சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, ஆயில் வந்துசேர்கிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

இப்ப வர்ற பெட்ரோலால பழைய வண்டி கெட்டுடுமா? (ஈரோடு)

20 சதவீத எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் டியூப், டேப் வாஷர் ஆகியவற்றை வருடம் ஒருமுறை பாருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

ஆர்.சி. முடியப் போகுது, என்ன செய்யறது? (வேலூர்)

15 வருடத்துக்குப் பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். தேதி முடியும் முன்பே விண்ணப்பியுங்கள். வண்டியை நேரில் காட்ட வேண்டும், விளக்கும் பிரேக்கும் சரியாக இருக்கட்டும்.

அப்பாவுக்கு 71 வயசு, முழங்கால் வலி. கிக் அடிக்க முடியல. நான் ஓட்டறேன்னா, "உன்னால முடியாதும்மா, கிக்கர் திருப்பி அடிச்சா கால் போயிடும்"ங்கறார். பலம் இல்லாம ஸ்டார்ட் பண்ண முடியுமா அண்ணா? (தஞ்சாவூர்)

முடியும் தங்கச்சி. என் மனைவி 50 கிலோகூட இல்லை, அவர்தான் எங்கள் வண்டியை அதிகம் எடுப்பவர். சாவியைப் போட்டுவிட்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஓர் இடத்தில் கல் மாதிரி நிற்கும். அங்கே டீகம்ப்ரஷர் லிவரை இழுத்துக்கொண்டு ஹெட்லைட் மேல் உள்ள ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்திருக்கும் முள், கிக்கரை இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வர விடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல், உடம்பின் எடையை வைத்து ஒரே சீராக அடிவரை மிதியுங்கள். பாதியில் காலை எடுத்தால்தான் திருப்பி அடிக்கும். அப்படி முழுதாக மிதித்தும் அடித்தால் டைமிங் முந்தியிருக்கிறது, அதைச் சரிசெய்யும்வரை மிதிக்க வேண்டாம்.

நல்ல ஷூ போட்டுக்கொண்டு பழகுங்கள். முதல் நாள் அப்பாவைப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். முள் எப்போது நடுவுக்கு வருகிறது என்பதை அவர் மீட்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்.