வெற்றிலைப் பொட்டலமா, குவாண்டம் பின்னலா?

கேள்வி: கும்பகோணத்தில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். ஒரு பொட்டலத்தில் வெற்றிலை, இன்னொன்றில் பாக்கு. தஞ்சையில் பிரித்தது வெற்றிலை என்றால் நாகையில் இருப்பது பாக்கு என்று அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. இரு துகள்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அவற்றின் அளவீட்டு விடைகள் இணைந்தே இருக்கும் குவாண்டம் பின்னலில் (entanglement) இதைவிட என்ன இருக்கிறது? தொலைவில் உள்ள இருவரிடம் அது இருப்பதை எப்படிச் சோதிப்பது? மேட்டூர் மதகு திறந்ததை இதன் மூலம் கடைமடைக்கு உடனே சொல்லலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

பதில்: விடைகள் பொருந்துவதை மட்டும் பார்த்தால், நீங்கள் சொல்வதுபோல, பொட்டலத்துக்கும் பின்னலுக்கும் வேறுபாடு தெரியாது. ஆளுக்கு இரண்டு கேள்விகள் வைத்து, எது என்பதைக் கடைசி நொடியில் குலுக்கிப்போட்டுக் கேட்க வேண்டும்.

வகுப்பிலேயே ஆடிப் பாருங்கள். இரு மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவையுங்கள். நாணயம் சுண்டி ஆளுக்கொரு சிவப்பு அல்லது பச்சைச் சீட்டு கொடுங்கள். அவர்கள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எழுத வேண்டும். இருவருக்கும் சிவப்பு வந்தால் விடைகள் வேறுபட வேண்டும், மற்றபடி ஒன்றாக இருக்க வேண்டும். எவ்வளவு பேசிவைத்துக்கொண்டு போனாலும் சராசரி 75 சதவீதத்தைத் தாண்டாது. எதற்கும் ‘ஆம்’ என்றே எழுதும் சோம்பேறிக்கும் அதே 75தான்!

ஒரே கோணத்தில் அளந்தால் ஒரே விடை தரும் பின்னிய ஃபோட்டான் (ஒளித்துகள்) ஜோடிகள் கையில் இருந்தால் 85 வரை போகலாம். சீட்டின் நிறத்துக்கேற்ற கோணத்தில் அளந்து, கிடைக்கும் விடையை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுத வேண்டும். தஞ்சைக்காரர் சிவப்புக்கு 0 பாகை, பச்சைக்கு 45. நாகைக்காரர் சிவப்புக்கு 67.5, பச்சைக்கு 22.5. கழித்துப் பாருங்கள்: மூன்று சேர்க்கைகளில் இடைவெளி 22.5, சிவப்பும் சிவப்பும் சந்திக்கும்போது மட்டும் 67.5. கோண இடைவெளி சிறிதானால் விடைகள் பெரும்பாலும் ஒன்றாகும், பெரிதானால் பெரும்பாலும் வேறுபடும். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. முன்கூட்டியே பேசிவைத்த விடைகளுக்கு இப்படி ஓர் எல்லை உண்டு என்று 1964இல் காட்டியவர் இயற்பியலாளர் ஜான் பெல். ஆய்வுத்தாள்களில் வேறு அளவுகோல் என்பதால் நம்முடைய 75 என்பது 2 என்றும், 85 என்பது 2.83 என்றும் வரும்.

சோதனையில் ஏமாற இரண்டு இடங்கள் உண்டு. தஞ்சைக்கும் நாகைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஒளி அதைக் கால் மில்லிநொடியில் கடந்துவிடும். சீட்டு எடுப்பதும் விடை பதிவதும் அதற்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் ரகசியமாகச் செய்தி போயிருக்கலாம் என்பார்கள். அடுத்தது, ஃபோட்டான் தொலைந்த சுற்றைக் கணக்கிலிருந்து நீக்கக் கூடாது. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் இரண்டையும் அடைத்தார்கள். 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், வைரத்துக்குள் உள்ள எலெக்ட்ரான்களை வைத்து 245 சுற்றுகள் ஆடினார்கள், கிடைத்தது 2.42, அதாவது எல்லையான 2ஐத் தாண்டிவிட்டது.

மேட்டூர் செய்தி மட்டும் நடக்காது. நாகைக்காரர் நோட்டில் ‘ஆம்’ பாதி, ‘இல்லை’ பாதி. தஞ்சையில் எந்தச் சீட்டு விழுந்தாலும் அது மாறாது. இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் வைத்தால்தான் 85 வெளியே வரும். அதற்குத் தொலைபேசியில் வாசிக்க வேண்டும், அல்லது நோட்டோடு பஸ் ஏற வேண்டும்.