ஆறு மாதமாகியும் எக்ஸ்ரேயில் வெள்ளை மணிகள்: பீங்கான் கரையவில்லையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, மூட்டின் மேற்பரப்பு உள்வாங்கிவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தி, தகடு பொருத்தி, அடியில் இருந்த பள்ளத்தில் பீங்கான் மணிகளை நிரப்பினார்கள். தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். ஆறு மாதமாகியும் எக்ஸ்ரேயில் அப்படியே தெரிகின்றன. மறுபடி அறுத்து எடுக்க வேண்டுமா? கரையும் சுண்ணாம்பு சிறுநீரகக் கல்லாகும் என்று பயந்து பாலையும் நெத்திலியையும் நிறுத்திவிட்டோம். அது மாட்டெலும்போ என்று மாமியார் வேறு கலங்குகிறார். - வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, ஆறு மாதத்தில் மணிகள் தெரிவது பழுதின் அறிகுறி அன்று. அந்த ஒரு காரணத்துக்காகக் காலை மீண்டும் திறக்க வேண்டியதில்லை.

குழப்பம் ‘கரைதல்’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. தேநீரில் சர்க்கரை கரைவதைப் போல் அந்த மணிகள் கரைந்துபோனால், தூக்கி நிறுத்திய மூட்டு மறுபடியும் இறங்கிவிடும். கோபுரத் திருப்பணியில் சுதை காய்வதற்குள் சாரத்தைப் பிரித்தால் என்ன ஆகும்? புது எலும்பு வளர்கிற வேகத்துக்குள் இந்தச் சாரம் குறைய வேண்டும், முந்திக்கொள்ளக் கூடாது.

வேகத்தைத் தீர்மானிப்பது பொருள். கால்சியம் சல்பேட், அதாவது மாவுக்கட்டுப் பொருள், சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மறைந்துவிடும். 1892-லேயே ஜெர்மனியில் டிரீஸ்மன் என்ற மருத்துவர் அதை எலும்புக் குழிகளில் நிரப்பினார். அது சிலருக்கு எலும்பு வளர்வதற்கு முன்பே போய்விடுகிறது. காயத்திலிருந்து நீர் கசிவதும் உண்டு. பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற பீங்கான் கரையப் பொதுவாக ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். ஹைட்ராக்சிஅபடைட் என்ற இன்னொரு பீங்கான் நம் எலும்பின் தாதுவுக்கே நெருங்கிய உறவு. உயர் வெப்பத்தில் சுட்டு இறுக்கினால் பல ஆண்டுகள் தங்கும், சிலருக்கு ஆயுள் முழுவதும். இவ்விரண்டையும் கலந்து செய்த மணிகளும் உண்டு.

இனி, கரைப்பது யார்? நம் உடல் திரவத்தின் பி.எச். அளவு சுமார் 7.4 (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்). அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் ஹைட்ராக்சிஅபடைட் கரைய இடமே இல்லை. வேலையைச் செய்வது ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் பெரிய செல்கள். அவை மணியின் மேல் அட்டைபோல் ஒட்டி, விளிம்பை அடைத்து, அடியில் அமிலத்தைச் சுரக்கின்றன. அந்தச் சிறு இடத்தில் மட்டும் பி.எச். 4.5 அளவுக்கு இறங்கித் தாது கரைகிறது. அவை விட்டுப்போன குழியில் வேறு செல்கள் வந்து எலும்பைப் படியவைக்கின்றன. ஆரோக்கியமான எலும்பிலும் இதேதான் நாள்தோறும் நடக்கிறது. இந்த ஒழுங்கு எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. செல்களும் இரத்தக் குழாய்களும் மணிக்குள் நுழைய, அதில் 100 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு, மேற்பட்ட துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். மூடிய துளைகள் பயன்படா.

எக்ஸ்ரேயில் மணியும் வெள்ளை, புது எலும்பும் வெள்ளை. ஆகவே வெண்மையைப் பார்க்காதீர்கள். மணிகளின் விளிம்பு மங்கிச் சுற்றியுள்ள எலும்போடு கலக்கிறதா, மூட்டு மட்டம் இறங்காமல் இருக்கிறதா என்று பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து மருத்துவரிடம் கேளுங்கள். வலி கூடினால், வீக்கமோ காய்ச்சலோ சீழோ வந்தால் காத்திருக்க வேண்டாம். அவர் புகைபிடிப்பவரானால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பு கூடுவதை அது நிச்சயமாகத் தாமதப்படுத்துகிறது.

சிறுநீரக பயத்துக்குக் கணக்கே பதில். பத்து கிராம் பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டில் கால்சியம் ஏறத்தாழ 3.9 கிராம். ஓராண்டில் கரைந்தாலும் நாளுக்குச் சுமார் 11 மில்லிகிராம். ஒரு குவளைப் பாலில் 300 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றபடி பாலையும் நெத்திலியையும் இன்றே மீண்டும் கொடுங்கள். உணவில் கால்சியம் குறைந்தால் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட் என்ற உணவுப் பொருளைக் குடல் அதிகம் உறிஞ்சும். கல்லுக்கு அதுதான் வழி.

மாமியாரின் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். இவ்வகை மணிகளில் பல ஆய்வுக்கூடத்தில் இரசாயன முறையில் செய்யப்படுபவை. மாட்டெலும்பைச் சுட்டுக் கரிமப் பொருளை நீக்கிச் செய்பவையும் இருக்கின்றன, பல் சிகிச்சையில் அவை அதிகம். பொதுவாக அறுவைக் குறிப்பேட்டில் அந்தப் பொட்டலத்தின் ஒட்டுச்சீட்டை ஒட்டி வைப்பார்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அதன் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள். மூலம் எது, எத்தனை மாதத்தில் கரையும் என்ற இரண்டையும் அந்தப் பெயரை வைத்தே மருத்துவர் சொல்லிவிடுவார்.