தாது தூசியும் ஈயச்சொம்பும்: கேள்வி பதில்

சுரங்கக் கழிவு மண்ணைச் சோதிப்பது என் பிழைப்பு. கேளுங்கள்.

கே: நைஜீரியாவில் தங்கம் எடுக்கப்போய் ஈயத்தால் குழந்தைகள் இறந்தார்களாமே, எப்படி?

ப: 2010, சம்ஃபாரா மாநிலம். அங்கே தங்கம் கிடக்கும் பாறையிலேயே ஈயமும் ஏராளம். சில்லறையாகத் தோண்டியவர்கள் கல்லை ஊருக்குள் கொண்டுவந்து மாவு மில்லில் போட்டு அரைத்தார்கள். அப்புறம் முற்றத்தில் வைத்துக் கழுவினார்கள். மாவு பறப்பது போலத் தூசி பறந்து முற்றமெல்லாம் படிந்தது. தவழ்கிற பிள்ளை தரையைத் தொட்ட கையைத்தானே வாயில் வைக்கும்? அதன் குடல் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சிவிடும். வலிப்பு வந்து 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள், பெரும்பாலும் 5 வயதுக்குள். மருந்து இருக்கிறது. ஆனால் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்காமல் மருந்து கொடுத்தால், வீடு திரும்பிய பிள்ளை மறுபடி அதே மண்ணில்தான் விளையாடும். பகேகா என்ற ஊருக்கு அந்தத் துப்புரவு 2013 வரை வரவில்லை.

தூசி படிந்த தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

கே: ஈயச்சொம்பில் ரசம் வைக்கலாமா?

ப: அது வெள்ளீயம். நைஜீரியாவில் பிள்ளைகளைக் கொன்றது காரீயம், வேறு உலோகம். சுத்த வெள்ளீயச் சொம்பு என்றால் வைக்கலாம்.

கே: சுரங்கத்தை மூடினால் சரியாகிவிடுமா?

ப: ஜாம்பியாவின் கப்வே சுரங்கம் 1994இல் மூடியது. அங்கே பிள்ளைகளின் ரத்தத்தில் இன்னும் ஈயம். ஈயம் மக்காது.

கே: தண்ணீரைக் கொதிக்கவைத்தால் உலோகம் போகுமா?

ப: தண்ணீர்தான் ஆவியாகும். மிச்சத்தில் உலோகத்தின் செறிவு இன்னும் கூடும்.

கே: ஈயச்சொம்பு ஆபத்தா?

ப: மேலே சொன்னதைப் படியுங்கள்.

கே: எங்கள் பாட்டி 90 வயது வரை ஈயச்சொம்பு ரசம்தான்!

ப: பாட்டியின் சொம்பு சுத்த வெள்ளீயமாக இருந்திருக்கும். இப்போது மலிவாக விற்பதில் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்துவிடும்.

கே: காகிதத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழுமே, அது போதாதா?

ப: சுத்தக் காரீயம் கோடு போடும். கலப்படம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஆய்வகத்தில் கொடுங்கள்.

கே: வளைத்தால் கிரீச் என்று சத்தம் வந்தால் வெள்ளீயம்தானே?

ப: உண்மைதான். சொம்பை யார் வளைப்பது? நைஜீரியாவைப் பற்றிக் கேட்டவர் ஒருவர்தான், அவரும் போய்விட்டார்.

கே: என் மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி, ஈயமாக இருக்குமோ?

ப: டாக்டரிடம் போய் ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். நான் மண் பார்ப்பவன்.

கே: கணவர் ஈய பேட்டரி பட்டறையில் வேலை.

ப: பட்டறைத் துணியோடு பிள்ளையைத் தூக்கவேண்டாம். துணியைத் தனியாகத் துவையுங்கள், உதறாதீர்கள். தரைக்கு ஈரத்துணி.