131 அடித்தவரை என்ன செய்வது?

கேள்வி: இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் ஒரு கோல்ஃப் கிளப்பில் பல வருடங்களாக உறுப்பினராக இருக்கிறேன். என் ஹேண்டிகேப் (திறனுக்கேற்ப மொத்தத்தில் கழிக்கும் சலுகை அடிகள்) 12. போட்டிக் கமிட்டியிலும் இருக்கிறேன். போன மாத மெடலில் (அடித்த ஒவ்வொரு அடியையும் எண்ணும் மாதப் போட்டி), புதிதாகச் சேர்ந்த ஒருவர், குழு பிரிக்கும் டிராவில் எங்களோடு வந்தார். ஹேண்டிகேப் 54. பார் (நல்ல ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் அடிகள்) 71 ஆன மைதானத்தில் மொத்தம் 131 அடித்தார். பார் 4 ஆன ஏழாவது குழியில் மட்டும் 14, அதில் பாதி ஒரே பங்கருக்குள் (மணல் பள்ளத்துக்குள்). ஆட்டம் முடிய 4 மணி 50 நிமிடம் ஆனது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு டீயிலும் (குழியின் முதல் அடியை அடிக்கும் இடம்) காத்து நின்றார்கள். என் ஆட்டமும் கெட்டது. பதினெட்டாவது கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில்) கை குலுக்கும்போது, "இன்னும் கொஞ்ச நாள் பிராக்டிஸ் செய்துவிட்டுப் போட்டிக்கு வரலாமே" என்றேன். அவர் "சாரி" என்று சொல்லிவிட்டு, கிளப்ஹவுஸுக்குள்கூட வராமல் கிளம்பிவிட்டார். இந்த மாதப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவரை "நம்ம ஃபிளிட்கிராஃப்ட்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். இப்போது, 28க்கு மேல் ஹேண்டிகேப் உள்ளவர்களை மெடலில் சேர்க்கக் கூடாது என்று கமிட்டியில் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. நான் சொன்னது தவறா? எப்படி வாக்களிப்பது?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

ஐந்து மணி நேரத்தை நெருங்கும் ஆட்டத்தில் உங்களுக்கு எரிச்சல் வந்தது நியாயம்தான். மூவர் ஆடும் மெடல் நாலு மணி நேரத்தில் முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கிரீனில் நீங்கள் சொன்ன வார்த்தை தவறு. கடுமையாகச் சொன்னீர்கள் என்பதற்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. காரணத்தை நீங்கள் தப்பான இடத்தில் தேடியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஃபிளிட்கிராஃப்ட் பட்டத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. மாரிஸ் ஃபிளிட்கிராஃப்ட், பாரோ-இன்-ஃபர்னஸ் ஊரைச் சேர்ந்த கிரேன் ஓட்டுநர். 1976இல் ஓப்பன் சாம்பியன்ஷிப்பின் தகுதிச் சுற்றில் தன்னைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று பதிவு செய்துகொண்டு, ஃபார்ம்பி மைதானத்தில் 121 அடித்தார். பாரை விட 49 அதிகம். பிறகு பொய்ப் பெயர்களில் மறுபடி மறுபடி நுழையப் பார்த்தார். அவரைப் பிடித்தவர்களும் உண்டு, பிடிக்காதவர்களும் உண்டு. அது எப்படியோ போகட்டும். உங்கள் கிளப்பின் புது உறுப்பினருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? இவர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. 54 குழிகள் ஆடி, உடன் ஆடியவர் கையெழுத்திட்ட ஸ்கோர் கார்டுகளைக் கொடுத்து, உங்கள் கமிட்டியே ஏற்றுக்கொண்ட ஹேண்டிகேப்போடு வந்தார். சந்தா கட்டினார், போட்டிக் கட்டணமும் கட்டினார், டிராவில் பெயர் வந்த நேரத்துக்கு டீயில் நின்றார். அவர் எவ்வளவு அடிக்கக்கூடியவர் என்பதை 54 என்ற எண்ணே முன்கூட்டிச் சொல்லிவிட்டது. யாரையும் அவர் ஏமாற்றவில்லை. அடுத்த முறை யாராவது அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தால், இதைக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.

"54 ஹேண்டிகேப்பே அபத்தம்" என்று உங்கள் கிளப்பில் ஒருவராவது சொல்லியிருப்பார். பிரிட்டனில் ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 36 என்று இருந்த காலத்தில் ஆட்டம் பழகியவர்களுக்கு அது இயல்பான எண்ணம். 2020 நவம்பரில் இங்கிலாந்து உலக ஹேண்டிகேப் முறைக்கு மாறிய பிறகு எல்லோருக்கும் உச்ச வரம்பு 54. புதிதாக வருகிறவர்களும் முதல் நாளிலிருந்தே கார்டு போட்டு, தங்கள் முன்னேற்றத்தைத் தாங்களே பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: கடைசி 20 கார்டுகளில் சிறந்த 8 மட்டுமே கணக்கில் வருகின்றன. அதாவது ஹேண்டிகேப் என்பது நம் சராசரி ஆட்டத்தைக் காட்டுவதில்லை, நல்ல நாள் ஆட்டத்தைக் காட்டுகிறது. 12 ஹேண்டிகேப் ஆட்டக்காரரின் நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் நடுவே ஏழெட்டு ஸ்ட்ரோக் இருக்கும். தொடக்கநிலையில் இருப்பவருக்கு அந்த இடைவெளி இருபது, முப்பது என்று போகும். முதல் மெடல், தெரியாத முகங்கள், பின்னால் காத்திருப்பவர்களின் பார்வை எல்லாம் சேர்ந்தால் 131 வருவதில் ஆச்சரியமே இல்லை.

இந்த இடைவெளியில்தான் அடுத்த சண்டையும் கிளம்புகிறது. இதே மனிதர் ஆறு மாதம் கோச்சிங் போய், ஒரு சனிக்கிழமை, குழிக்குக் குழி பாயின்ட் தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் போட்டியில் 45 பாயின்ட் எடுத்துக் கோப்பையை வாங்கினால், "இப்படி ஹேண்டிகேப் வைத்திருந்தால் நாங்கள் எப்படி ஜெயிப்பது" என்ற முணுமுணுப்பு வரும். பல கிளப்களில் இரண்டு புகாரும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. மோசமாக ஆடினாலும் குற்றம், நன்றாக ஆடினாலும் குற்றம் என்றால், அவர் போட்டிக்கு வந்ததே குற்றம் என்றுதான் அர்த்தம். உங்கள் கமிட்டியில் இதை யாராவது வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். 131 அடித்தவர், 90 அடிப்பவரை விட 41 முறை கூடுதலாக அடித்திருக்கிறார். ஒரு அடிக்கு 25 வினாடி வைத்தாலும் மொத்தம் 17 நிமிடம்தான் ஆகிறது. ஆனால் நீங்கள் நாலு மணி நேரத்தை விட 50 நிமிடம் கூடுதலாக ஆடியிருக்கிறீர்கள். மீதி அரை மணி நேரம் எங்கே போனது?

என் அனுபவத்தில் அது பெரும்பாலும் ரஃபுக்குள்ளும் (வெட்டாத உயரமான புல்லுக்குள்ளும்), டீக்குத் திரும்பி நடப்பதிலும் போகிறது. பந்து காணாமல் போனால் தேட மூன்று நிமிடம். கிடைக்கவில்லை என்றால் டீக்குத் திரும்பி நடந்து, மறுபடி அடித்து, மறுபடி முன்னால் வர இன்னொரு மூன்று நான்கு நிமிடம். இப்படி நாலு தடவை நடந்தாலே நீங்கள் தொலைத்த அரை மணி நேரம் ஏறக்குறைய வந்துவிடும். இதற்கு மருந்து புரொவிஷனல் பந்து, அதாவது முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்றால் அங்கேயே அடித்துவைக்கும் மாற்றுப் பந்து. "அது கிடைக்காமல் போகலாம், ஒரு புரொவிஷனல் அடித்துவிடுங்கள்" என்று டீயிலேயே சொல்லியிருந்தால் போதும். மெடலில் யார் தயாராக இருக்கிறாரோ அவர் முதலில் அடிக்கலாம் என்பதை 2019இல் வந்த விதிகள் ஊக்குவிக்கவே செய்கின்றன. ஒரு அடிக்கு 40 வினாடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்ற பரிந்துரையும் அதிலேயே இருக்கிறது. இவை எதுவும் புது ஆளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யாரும் அவரைப் புத்தகத்தோடு உட்காரவைத்துச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

பின்னால் நின்றவர்களை முன்னே போகவிட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முன்னால் ஒரு குழி முழுக்கக் காலியாகக் கிடந்தால் ஒதுங்கி வழிவிடுவதுதான் வழக்கம். ஆனால் முதல் மெடல் ஆடுகிறவர் தானாகக் கையசைத்து "நீங்கள் போங்கள்" என்று சொல்லமாட்டார், அவருக்கு அந்தத் துணிச்சல் வராது. அந்த மூவரில் அனுபவம் உள்ளவர்தான் அதைச் செய்ய வேண்டும், கமிட்டி உறுப்பினர் என்றால் இன்னும் கூடுதலாக.

அப்புறம் அந்த ஏழாவது குழி. நான் மிகவும் வருத்தப்பட்டது இங்கேதான். பங்கருக்குள் ஒருவர் ஆறேழு முறை மணலை வாரிக்கொண்டிருக்கிறார், இரண்டு பேர் விளிம்பில் நின்று பார்க்கிறார்கள். 2019 முதல், பங்கரில் கிடக்கும் பந்தை ஆட முடியாதது என்று அறிவித்து, இரண்டு பெனால்டி ஸ்ட்ரோக் ஏற்றுக்கொண்டு, பங்கருக்கு வெளியே, குழியிலிருந்து பந்து கிடந்த இடம் வழியாகப் பின்னால் போகும் கோட்டில் பந்தை டிராப் செய்ய (கையிலிருந்து கீழே விட்டு ஆட) விதி இடம் தருகிறது. இரண்டாவது முறை பந்து வெளியே வராதபோதே இதை அவர் அறிந்திருந்தால், இரண்டு மூன்று ஸ்ட்ரோக்கும் கொஞ்சம் மானமும் மிஞ்சியிருக்கும். "போட்டியில் ஆலோசனை சொல்லக் கூடாதே" என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நிறைய நல்ல ஆட்டக்காரர்கள் இந்தத் தப்பெண்ணத்தால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த கிளப்பை (மட்டையை) எடு, எப்படிச் சுழற்று என்று சொன்னால்தான் அது ஆலோசனை, அதற்குத்தான் பெனால்டி. விதி என்ன சொல்கிறது என்பது பொதுத் தகவல். "விதியில் இப்படி ஒரு வழி இருக்கிறது" என்று யாரும் யாருக்கும் சொல்லலாம்.

14 என்பது தொடக்கக்காரர்களுக்கு மட்டும் வரும் எண் என்றும் நினைக்க வேண்டாம். 2011 டெக்சஸ் ஓப்பனில் கெவின் நா ஒரு பார் 4 குழியில் 16 அடித்தார். எத்தனை அடித்தோம் என்று அவருக்கே நிச்சயமில்லாமல், கடைசியில் வீடியோ பார்த்துத்தான் எண்ணினார்கள். 2018 மாஸ்டர்ஸில், முந்தைய வருடம் ஜெயித்த செர்ஜியோ கார்சியா பதினைந்தாவது குழியில் பந்தைத் தண்ணீருக்குள் திரும்பத் திரும்ப அனுப்பி 13 எடுத்தார். இவர்களை யாரும் பிராக்டிஸ் செய்துவிட்டு வரச் சொல்லவில்லை.

இனி தீர்மானம். எதிர்த்து வாக்களியுங்கள்.

கிளப் சாம்பியன்ஷிப்புக்கும் பெயர்ப் பலகையில் ஏறும் பெரிய கோப்பைகளுக்கும் ஹேண்டிகேப் வரம்பு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்குக் கமிட்டிக்கு உரிமை உண்டு, அங்கே அது பொருந்தவும் செய்கிறது. மாத மெடல் வேறு. அது உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இடம், ஆட்ட ஒழுங்கைப் பழகும் இடம். அதை மூடிவிட்டால் புதியவர் எங்கே போய் வேகமாக ஆடக் கற்பார்? டிரைவிங் ரேஞ்சில் தனியாக நின்று பந்தடிப்பவருக்கு மார்க்கர் (உடன் ஆடுபவரின் ஸ்கோரைக் குறிப்பவர்) வேலையும் தெரியாது, புரொவிஷனல் பந்தும் தெரியாது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. 28 என்று கோடு போட்டால் வெளியே போவது புது ஆட்கள் மட்டுமல்ல. ஒரு காலத்தில் 14 வைத்திருந்து, முழங்கால் வலியோடு இப்போது 30ஐத் தொட்டுவிட்ட மூத்தவர்கள் உங்கள் கிளப்பிலும் இருப்பார்கள். தீர்மானம் கொண்டுவந்தவர் அவர்களை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

மெடலின் கஷ்டம் அதன் வடிவத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் பந்து உள்ளே விழும்வரை ஆடியே தீர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கோரே கிடையாது. ஆனால் ஹேண்டிகேப் கணக்கோ நெட் டபுள் போகியோடு (பாரும், அதற்கு மேல் இரண்டும், அந்தக் குழிக்கான சலுகை ஸ்ட்ரோக்கும் சேர்ந்தது) நின்றுவிடுகிறது. 54 ஸ்ட்ரோக் பெறுபவருக்கு ஒரு பார் 4 குழியில் மூன்று ஸ்ட்ரோக் கிடைக்கும். நாலும் இரண்டும் மூன்றும் ஒன்பது. அவர் 14 அடித்தாலும் ஹேண்டிகேப் பதிவில் ஏறுவது 9தான். அந்தக் கடைசி ஐந்து அடிகளால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை, மெடல் வடிவம் மட்டும்தான் அவரை அடிக்க வைத்தது.

இதற்கு மாற்று ஏற்கனவே கையில் இருக்கிறது. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவர். வாலசி மைதானத்தில் 1932இல் அவர் தன் பாயின்ட் முறையைக் கொண்டுவந்தது, ஒன்றிரண்டு குழி கெட்டதுமே மனம் விட்டுப் போகிறவர்களுக்காகத்தான். பாயின்ட் கிடைக்காது என்று ஆனவுடன் பந்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். 2019 விதிகள் உச்ச ஸ்கோர் என்ற வடிவத்தையும் தந்திருக்கின்றன. ஒரு குழிக்கு இவ்வளவுதான் என்று கமிட்டி வரம்பு வைக்கலாம், அதைத் தொட்டதும் பந்தை எடுத்துவிடலாம். ஆகவே தடைக்குப் பதிலாக இப்படி ஒரு தீர்மானத்தை நீங்களே கொண்டுபோங்கள்: 28 வரை உள்ளவர்கள் வழக்கம்போல மெடல் ஆடட்டும், அதற்கு மேல் உள்ளவர்கள் அதே நாளில், அதே மைதானத்தில், தனி டிவிஷனாக ஸ்டேபிள்ஃபோர்ட் ஆடட்டும். பரிசும் தனியாக இருக்கட்டும். கூடவே, ஒரு புதியவரின் முதல் மூன்று போட்டிகளில் கமிட்டி ஆள் ஒருவர் உடன் ஆட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது ஆளைத் தனியாக விட்டுவிட்டு, பிறகு அவருக்கு எதுவும் தெரியவில்லை என்று கோபப்படுவது நியாயமில்லை.

கமிட்டிக் கூட்டம் எப்போதோ இருக்கட்டும், அவரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். மெசேஜ் வேண்டாம், போன் செய்யுங்கள். "அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதோடு "ஆனாலும்" என்று எதையும் ஒட்டவைக்காதீர்கள். அப்புறம், வெளிச்சம் நீளமாக இருக்கும் ஒரு மாலையில் ஒன்பது குழி ஆடக் கூப்பிடுங்கள். கார்டு வேண்டாம், யாரும் பின்னால் வராத நேரமாகப் பாருங்கள். அங்கே புரொவிஷனல் பந்தையும் பங்கர் விதியையும் சொல்லிக்கொடுக்கலாம். பையை எந்தப் பக்கம் வைத்துவிட்டு கிரீனுக்குப் போனால் அடுத்த டீ கிட்டத்தில் இருக்கும் என்பதையும் காட்டலாம். வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். வந்தால், அடுத்த ஸ்டேபிள்ஃபோர்டுக்குப் பட்டியல் திறக்கும் அன்றே உங்கள் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதிவிடுங்கள்.