கூரை தாங்கும் மரச்சுவர்: பெருக்க வேண்டியது லிண்டலின் ஆழம்

உங்கள் மரச்சுவரில் கதவு இறுகுகிறது, லிண்டலுக்கு (வாசலுக்கு மேல் எடையைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்கு) பக்கத்தில் இன்னொரு கட்டையைச் சேர்த்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். 2.4 மீட்டர் உயரச் சுவரில் 450 மி.மீ. இடைவெளியில் நிற்கும் 90×45 மி.மீ. குத்துக்கட்டைகளை (செங்குத்துக் கட்டைகளை) முதலில் குறை சொல்ல வேண்டாம், 1.8 மீட்டர் வாசலுக்கு மேலுள்ள லிண்டலின் ஆழம்தான் (மேலிருந்து கீழான அளவுதான்) போதவில்லை என்று நினைக்கிறேன்.

கதவு இறுகுவதும், அதன் மேல்மூலையில் பூச்சு சாய்வாக வெடித்திருப்பதும் லிண்டல் தொய்வதன் அடையாளங்கள். நீங்கள் கேட்டபடி லிண்டலுக்குப் பக்கத்தில் அதே அளவுள்ள இன்னொரு கட்டையைச் சேர்த்தால் விறைப்பு (வளையாமல் நிற்கும் தன்மை) 2 மடங்குதான் ஆகும். அதே அகலத்தில் ஆழத்தை இரட்டித்தால் 8 மடங்காகும்.

எடையைக் கணக்கிடும்போது, கூரையின் 6 மீட்டர் அகலத்தில் பாதியையும் 0.6 மீட்டர் இறவாரத்தையும் கூட்டி வாசல் அகலத்தால் பெருக்குங்கள்: ஏறக்குறைய 6.5 சதுர மீட்டர் கூரை அந்த ஒரு லிண்டலின் மேல் இருக்கிறது.

லிண்டலின் அடியில் முனைக்கு முனை நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் மரம் நூலை எவ்வளவு கீழே தள்ளுகிறது என்று பாருங்கள். மரம் நேராக இருந்து ஒரு முனை மட்டும் இறங்கியிருந்தால், தவறு லிண்டலில் அல்ல. அதைத் தாங்கும் பக்கக் கட்டையிலோ அடித்தளத்திலோ இருக்கிறது.

கூரைக்கு முட்டுக் கொடுக்காமல் லிண்டலைக் கழற்றவே கூடாது. இறுதி அளவை, உங்கள் மரவகையையும் காற்றின் மேல்நோக்கிய இழுப்பையும் கணக்கில் எடுத்து, கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.