கொல்லையில் கறுப்பு மணல்: தோரியத்துக்குப் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எங்கள் தாமான் (குடியிருப்பு) கோலாலம்பூர் சுங்கை பீசிப் பக்கம், பழைய ஈய லம்ப (வெள்ளீயச் சுரங்க) நிலத்தில் கட்டியது. கொல்லையைக் கொத்தினால் அரையடியிலேயே கறுப்பு மணல் வருகிறது. அது அமாங், அதில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இணையத்தில் வாங்கிய கதிரியக்க மீட்டரை மணல்மேல் வைத்தால் மணிக்கு 0.35 மைக்ரோசீவர்ட் காட்டுகிறது. அங்கேதான் கீரை போட்டிருக்கிறோம். லம்பக் குட்டையில் பிடிக்கும் திலாப்பியாவையும் சமைக்கிறோம். மணலை அள்ளி வெளியே கொட்டிவிடலாமா?

பதில்: அள்ள வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கிற வரை இந்த மணலால் வருகிற தொல்லை சிறியது. காயவைத்து, கிளறி, தூசியாக்கி மூச்சில் இழுத்தால்தான் பெரியது.

லம்பத்தில் ஈயக்கல்லைத் தண்ணீரில் அலசிப் பிரிக்கும்போது, முறத்தில் புடைத்த அரிசியோடு கல்லும் தங்கிவிடுகிற மாதிரி, கனமான மற்ற தாதுக்களும் கூடவே தங்கிவிடும். ஈயத்தை எடுத்தபின் எஞ்சுவது அமாங். அதில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட்; அதில் தோரியம் சொற்பம். தோரியத்தைச் சுமப்பது மோனசைட். அது தேன்நிற மணியாக இருக்கும், எடையில் சில விழுக்காடு தோரியம். ஆகவே மணலின் கறுப்பை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

தோரியம்-232இன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) ஏறத்தாழ 1400 கோடி ஆண்டு. அது சிதையும்போது பெரும்பாலும் ஆல்ஃபா கதிரையே விடும்; நேராக வெளிவிடும் காமா கதிர் மிகக் குறைவு. உங்கள் மீட்டர் உணர்வது அதிலிருந்து பிறக்கும் ஆக்டினியம்-228, தாலியம்-208 போன்றவற்றைத்தான். மீட்டரை மணல்மேல் வைத்தது தவறு: அங்கே பீட்டா கதிரும் சேர்ந்து எண்ணிக்கையை ஏற்றிவிடும். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்துப் பத்து நிமிடச் சராசரி எடுங்கள். அதே மாதிரி லம்பம் இல்லாத இடத்தில் ஒன்று, உங்கள் படுக்கையறையில் ஒன்று.

1 மீட்டரிலும் 0.35 வருகிறது, வெளியிடத்தில் 0.15 என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 0.20. கொல்லையில் தினம் 2 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 730 மணி நேரம், 0.15 மில்லிசீவர்ட் (150 மைக்ரோசீவர்ட்)கூட ஆகவில்லை. பொதுமக்களுக்கு அனுமதிக்கப்படும் கூடுதல் அளவு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். ஆனால் அதே 0.20 கூடுதல் வீட்டுக்குள் வந்தால், 7000 மணி நேரத்துக்கு 1.4 ஆகிவிடும். அதனால் கொல்லை எண்ணைவிடப் படுக்கையறை எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த மணலைச் சிமெண்டில் கலந்து பூசுவதோ தரை போடுவதோ கூடவே கூடாது. தோரியத்திலிருந்து வரும் தோரான் வாயுவின் அரை ஆயுள் 56 வினாடிதான். தரைக்கு அடியிலிருந்து கான்கிரீட்டைத் தாண்டி வருவதற்குள் சிதைந்துவிடும். சுவரிலேயே மணல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பேராக் புக்கிட் மேராவை நினைத்துப் பலர் பதறுகிறார்கள். அங்கே 1982இல் தொடங்கி 1994இல் மூடப்பட்ட அரியமண் (rare earth) ஆலையில் மோனசைட்டை இரசாயனத்தால் உடைத்தார்கள். தோரியம் கழிவில் செறிந்தது. உங்கள் கொல்லையில் அது மோனசைட் மணிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. மோனசைட் மழைக்கும் வெயிலுக்கும் எளிதில் கரையாது. வெளியான கொஞ்சமும் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். வேர் வழியாக மேலே ஏறுவது மிகக் குறைவு. கொஞ்சம் நகரக்கூடியது, தோரியத்திலிருந்து பிறக்கும் ரேடியம்-228. அது கால்சியத்தைப் போல நடந்துகொண்டு எலும்பில் தங்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் தோரியத்தைவிட ஆர்செனிக்கும் காரீயமும்தான் என் முதல் கவலை. ஈயத் தாதுவோடு ஆர்செனிக் தாதுவும் சேர்ந்து கிடப்பது வழக்கம். கங்குங் கீரை சேற்றில் வளர்வதால் அதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கீரையில் ஒட்டிய மண் போகும்படி மூன்று தண்ணீர் கழுவுங்கள், கிழங்குகளைத் தோல் சீவுங்கள். அதைவிட நல்லது, 30 செ.மீ. உயரப் பாத்தி கட்டி வெளியிலிருந்து நல்ல மண் போடுவது. கீழேயிருந்து வரும் காமாவும் பெரும்பங்கு குறையும். புளிப்பு மண்ணென்று சுண்ணாம்பை அள்ளிப் போடாதீர்கள். காரீயம் அடங்கும், ஆனால் ஆர்செனிக் இளகிவிடலாம்.

குட்டைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் அப்படியே இருக்கும். குடிக்க வேண்டாம். மீனின் குடலில்தான் வண்டல் இருக்கும், எலும்பில் ரேடியம் சேரும். சதையில் தோரியம் குறைவு. ஆர்செனிக், பாதரசம் சோதிக்காமல் வாராவாரம் சாப்பிட நான் சொல்லமாட்டேன்.

சோதனைக்குக் கொல்லையில் நாலைந்து இடத்தில் மேல் 15 செ.மீ. மண்ணை எடுத்துக் கலந்து 1 கிலோ அனுப்புங்கள். பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி முகமையின் ஆய்வுக்கூடத்தில் விசாரிக்கலாம். காமா நிறமாலை (கதிர் விடும் தனிமம் எது, எவ்வளவு என்று காட்டும் அளவீடு) வேண்டும் என்று கேளுங்கள். மண்ணை அடைத்து மூன்று நான்கு வாரம் வைத்துத்தான் அளப்பார்கள், அவசரப்படுத்திப் பயனில்லை. உலோகச் சோதனைக்குத் தனி மாதிரி.

கொத்தியே ஆக வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள், காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். மணலைச் சாக்கடையில் விட்டால் கனத்தால் வளைவுகளில் படிந்து அங்கே சேர்ந்துகொண்டே போகும். அறிக்கையில் தோரியம்-232 கிராமுக்கு 1 பெக்கரலை (நொடிக்கு ஒரு சிதைவு) தாண்டினால், அடுத்த வேலையைத் தொடுமுன் ஆட்டம் மலேசியா எனப்படும் அணுசக்தித் துறைக்குத் தெரிவியுங்கள். லாரிக்காரரிடம் கொடுத்து வேறு தாமானுக்கு அனுப்பிவிடாதீர்கள்.